நத்தாருக்கு எதை வீட்டில் செய்வது, எதை வெளியில் வாங்குவது?

நவம்பர் பிறந்துவிட்டால் கொழும்பில் நத்தார் கொண்டாடுகிற வீடுகளில் இதே பேச்சுத்தான். இந்த ஆண்டு கேக் வீட்டிலா, கடையிலா? நட்சத்திரக் கூடு கட்டுவதா, புறக்கோட்டையில் ஒன்றை வாங்கித் தொங்கவிடுவதா? பாலன் குடிலுக்கு எந்த மூலையை ஒதுக்குவது? கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் தொடர்மாடியில் இரண்டு அறை வீட்டில் குடியிருக்கிறவர்களுக்கு எல்லாவற்றையும் கையால் செய்ய இடமும் போதாது, நேரமும் போதாது. கணவனும் மனைவியும் வேலைக்குப் போகிற வீட்டில் டிசம்பர் என்பது நான்கு சனி, ஞாயிறுகள்தான். ஆகவே சிலவற்றைத் தெரிந்தெடுத்து, மற்றவற்றை மனச்சாட்சி உறுத்தாமல் விட்டுவிட வேண்டும்.

தெரிந்தெடுக்க என்னிடம் இருப்பது ஒரே அளவுகோல். அந்த வேலையில் எத்தனை கைகளுக்கு இடம் இருக்கிறது? செலவை மட்டும் பார்த்தால் பல பொருள்கள் கடையில்தான் மலிவு. ருசியை மட்டும் பார்த்தால் நம்மைவிடக் கைதேர்ந்தவர்கள் அடுத்த தெருவிலேயே இருப்பார்கள். ஆனால் அம்மம்மாவுக்கும் ஐந்து வயதுப் பேரனுக்கும் ஒரே மேசையில் வேலை கொடுக்கிற ஒன்றைக் கடையில் வாங்க முடியாது. அந்த வேலையை வீட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் மட்டும் அடுப்படியில் நின்று களைத்துப்போகிற வேலையை வெளியே கொடுத்துவிடுங்கள்.

ரிச் கேக்கும் அதன் போட்டியாளர்களும்

நத்தாருக்குச் செய்கிற பழக் கேக்கான இலங்கை ரிச் கேக்கில் கோதுமை மாவுக்கு வேலையில்லை, ரவைதான். கால் கிலோ ரவை, கால் கிலோ பட்டர், அரைக் கிலோ சீனி, 12 முட்டை மஞ்சள் கரு என்று எடுத்துக்கொண்டால், அதற்குள் போகிற பழங்களும் கஜுவுமே ஒன்றரைக் கிலோ ஆகிவிடும். கஜு, புகுல் தோசி, சுல்தானா, பிளம்ஸ் ஆகியவற்றில் கால் கிலோ வீதம். செரி, தோடம்பழத் தோல், இஞ்சிப் பாகு, சௌசௌப் பாகு ஆகியவற்றில் 125 கிராம் வீதம். பிறகு தேன், பன்னீர், வனிலா, ஏலம், கறுவா, கராம்பு, சாதிக்காய், பிராந்தி. சுட்டு இறக்கினால் இரண்டரைக் கிலோவுக்குக் குறையாது. 30 கிராம் துண்டுகளாக வெட்டினால் எண்பது துண்டு தேறும். ஒரு மாடியில் இருக்கிற அத்தனை வீட்டுக்கும் கொடுத்து, அலுவலகத்துக்கும் கொண்டுபோகலாம்.

இத்தனையையும் பொடியாக வெட்டுவதில்தான் இந்தக் கேக்கின் உயிர் இருக்கிறது. புகுல் தோசியை எடுத்துக்கொள்ளுங்கள். நீற்றுப்பூசணியைச் சீனிப்பாகில் காய்ச்சி உலர்த்திய கட்டி அது. மேலே சீனி வெள்ளையாகப் பூத்துக் கரகரக்கும். கத்தி உள்ளே இறங்கியதும் கண்ணாடி போன்ற வெளிர்பச்சைச் சதை தெரியும், உடனே கத்தியைப் பிடித்துக்கொண்டு விடாது. பக்கத்தில் ஒரு குவளையில் வெந்நீர் வைத்து, கத்தியை அதில் தோய்த்துத் துடைத்து வெட்டினால் துண்டுகள் ஒட்டாமல் சதுரம் சதுரமாக விழும். ஒவ்வொன்றும் பயறளவு இருந்தால் போதும். அவசரப்பட்டு எல்லாவற்றையும் மிக்ஸியில் போட்டால் சுல்தானாவும் செரியும் கூழாகிவிடும். கேக் முழுவதும் ஒரே கருஞ்சிவப்பாகி, வெட்டிய முகத்தில் தோசி எது, இஞ்சி எது என்று தெரியாமல் போய்விடும்.

ஒருவர் தனியாக உட்கார்ந்தால் வெட்டுவதற்கே ஒரு முழு நாள் போகும். நான்கு பேர் உட்கார்ந்தால் ஒரு மாலை. கத்தி பிடிக்கத் தெரியாத பிள்ளைக்கும் வேலை இருக்கிறது. பிளம்ஸில் காம்பு பொறுக்கலாம், செரியின் பாகை வடித்துத் துடைக்கலாம், சுட்ட பிறகு துண்டுகளை எண்ணெய்த்தாளில் மடித்து அதன்மேல் வண்ண மினுக்குத்தாளைச் சுற்றி, இரு முனைகளையும் முறுக்கிவிடலாம். சாய்வு நாற்காலியைவிட்டு எழ முடியாத பெரியவருக்கும் மடியில் ஒரு பலகையும் சிறு கத்தியும் கொடுக்கலாம். என் அளவுகோலில் இதற்கு ஈடாக நிற்கிற வேறொரு பண்டம் அடுப்பில் வைத்துச் சுடுகிறவற்றில் இல்லை.

லவ் கேக் ரவையிலும் கஜுவிலும் புகுல் தோசியிலும் பிறந்ததுதான். போர்த்துக்கீசர் காலத்துக்கு அதன் வேரைத் தேடிப் போகிறார்கள். தேனும் பன்னீரும் ஏலமும் சாதிக்காயும் சேர்ந்த அந்த வாசனைக்கு நான் அடிமை. ஆனாலும் அதை வீட்டில் செய்யச் சொல்ல மாட்டேன். பழ வகைகள் குறைவு, வெட்டும் வேலை குறைவு. முட்டையையும் சீனியையும் அடிக்கிற பக்குவமும் சூட்டைப் பார்த்து இறக்குகிற பக்குவமும்தான் அதில் முழுக் காரியம். மேல்புறம் முறுகலாக வேண்டும், உள்ளே ஈரம் நிற்க வேண்டும், பத்து நிமிடம் கூடினால் உள்ளும் உலர்ந்துவிடும். அது ஒருவருடைய கைத்திறன். வீட்டில் அந்தக் கை இருந்தால் அவரை வணங்கி அடுப்படியை அவரிடம் விட்டுவிடுங்கள். இல்லையென்றால் அந்தக் கை உள்ளவரிடம் அரைக் கிலோ சொல்லி வாங்குவதே மேல். கஜு விற்கிற விலையில் ஒரு தட்டு பாழாவதை எந்த வீடும் தாங்காது.

பறங்கியர் வீட்டுப் புரூடரை இந்தப் போட்டியில் சேர்க்கவே வேண்டாம். பாண் மாவில் பட்டரும் முட்டையும் சீனியும் பிளம்ஸும் சேர்த்துப் பிசைந்து, பூவிதழ் அச்சில் பொங்கவைத்துச் சுடுகிற பண்டம். நத்தார் காலையில் ஈடாம் சீஸுடன் அதைச் சாப்பிட்டவர்கள் மறக்கமாட்டார்கள். ஆனால் ஒரே நாளில் உலர்ந்துவிடும், முன்கூட்டிச் செய்துவைக்க வழியில்லை. வாங்குங்கள்.

உண்மையான போட்டி நம் பலகாரத் தட்டிலிருந்துதான் வருகிறது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கொழும்பில் குடியேறிய கிறிஸ்தவக் குடும்பங்களில் நத்தாருக்குக் கேக் ஒரு பக்கம் இருக்க, பயத்தம் பணியாரமும் முறுக்கும் அரியதரமும் சிப்பியும் இல்லாமல் தட்டு நிறையாது. அந்தத் தட்டில் வைக்கிற கொக்கிஸ் என்ற அச்சுப் பலகாரத்தைப் பிள்ளைகளுடன் செய்யக் கூடாது. அச்சைக் கொதிக்கிற எண்ணெயிலேயே சூடாக்கி, மாவில் தோய்த்து, மறுபடி எண்ணெயில் இறக்க வேண்டும், சிறு சமையலறையில் அது ஆபத்து. அரியதரமும் பாகுப் பதம் தெரிந்தவருடைய தனிச்சொத்து.

சிப்பி அப்படியில்லை. கோதுமை மாவில் கொஞ்சம் பட்டரும் உப்பும் விரவி, தடித்த தேங்காய்ப் பால் விட்டு இறுக்கமாகப் பிசைய வேண்டும். நெல்லிக்காயில் பாதி அளவு உருண்டை எடுத்து, முள்ளுக்கரண்டியின் முதுகிலோ புதிதாக வாங்கிக் கழுவிய சீப்பிலோ வைத்துப் பெருவிரலால் அழுத்தி உருட்டினால், வரி வரியாகச் சுருண்டு சிப்பியாகிக் கையில் விழும். ஆறு வயதுப் பிள்ளை ஐந்து நிமிடத்தில் பழகிவிடும். பத்துப் பேர் சுற்றி உட்கார்ந்தாலும் பத்துப் பேருக்கும் வேலை உண்டு. பொரிப்பதும் சீனிப்பாகில் புரட்டுவதும் மட்டும் பெரியவர் பொறுப்பு. சீனி வெள்ளையாகப் படிந்து உலர்ந்ததும் இறுக மூடுகிற தகரப் பெட்டியில் போட்டால் இரண்டு வாரத்துக்கு மொறுமொறுப்புக் குறையாது. ஓவன் வேண்டாம், முட்டையும் வேண்டாம், பிராந்திப் பேச்சே இல்லை.

அந்தக் கடைசி விஷயம் கொழும்பில் சிறிதல்ல

ஒரே மாடியில் முஸ்லிம் குடும்பம், மரக்கறி மட்டும் சாப்பிடுகிற சைவக் குடும்பம், சிங்களக் குடும்பம், நாம். தட்டு எல்லா வாசலுக்கும் போக வேண்டும். ரமழானில் கஞ்சி தந்தவர்களும், தீபாவளிக்கு முறுக்குத் தந்தவர்களும், வெசாக்குக்குக் கூப்பிட்டவர்களும் அங்கே இருக்கிறார்கள். நாம் கொடுத்த தட்டும் வெறுந்தட்டாகத் திரும்பி வருவதில்லை, தைப்பொங்கலன்று பொங்கலோடு வரும். இப்படிப்பட்ட இடத்தில் யார் எதைச் சாப்பிடலாம் என்று முன்கூட்டியே நினைத்துச் செய்வது அன்பின் முதல் பாதி.

பழத்தைப் பிராந்தியில் ஊறவைத்துவிட்டுப் பிறகு ஒரு பகுதியை எடுத்து, “இதில் அதிகம் இல்லை” என்று முஸ்லிம் அயலவருக்குக் கொடுப்பது தவறு. வெட்டிய பழத்தை முதல் நாளே இரண்டாகப் பிரித்து, பிராந்தி படாத பகுதியைச் சுடுவதற்கு முந்தின இரவு மட்டும் திராட்சைச் சாற்றிலும் தேனிலும் குளிர்சாதனப் பெட்டியில் ஊறவையுங்கள். பாத்திரமும் கரண்டியும் தட்டும் வேறாக இருக்கட்டும். வனிலா எசென்ஸ் போத்தலின் லேபலைப் படியுங்கள், பலவற்றில் மதுசாரம் உண்டு, இல்லாத வகையும் கிடைக்கிறது. மதுசாரமில்லாத கேக்கைக் கொழும்பு ஈரப்பதத்தில் வெளியே வைத்திருக்கக் கூடாது. நத்தார் வாரத்தில் சுட்டு, குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, இரண்டு வாரத்துக்குள் முடித்துவிடுவது நல்லது. பிராந்தி ஊறியது பத்திரமாகச் சுற்றப்பட்டிருந்தால் மாதக்கணக்கில் நிற்கும்.

மரக்கறிக் குடும்பத்துக்கு ரிச் கேக்கில் வழியே இல்லை. மஞ்சள் கருவை எடுத்துவிட்டால் அது வேறு பண்டம். அவர்களுக்குச் சிப்பியும் பயத்தம் உருண்டையும் போகட்டும்.

ஓவனா, போறணையா, ஆர்டரா?

ரிச் கேக் 150 பாகை செல்சியஸ் போன்ற இளஞ்சூட்டில் இரண்டு, இரண்டரை மணி நேரம் கிடக்க வேண்டும். தட்டின் அடியிலும் ஓரங்களிலும் இரண்டு மூன்று அடுக்குச் செய்தித்தாளும் அதற்குமேல் எண்ணெய்த்தாளும் விரித்தால்தான் சீனி கருகாது. மின்கட்டணத்துக்குப் பயந்து பலர் பின்வாங்குகிறார்கள். கணக்குப் பார்ப்போம். 1500 வாட் மேசை ஓவன் மூன்று மணி நேரம் இடைவிடாமல் எரிந்தாலும் நான்கரை யூனிட்தான், சூடு பிடித்ததும் அணைந்து அணைந்து எரிவதால் உண்மையில் அதைவிடக் குறையும். இரண்டரைக் கிலோவைச் சிறிய ஓவனில் இரண்டு தடவையாகச் சுட்டாலும் ஒன்பது யூனிட்டைத் தாண்டாது. பாவனை கூடக்கூட நம் மின்கட்டணம் படிப்படியாக ஏறுவதால், அந்த மாதப் பாவனை ஏற்கெனவே ஒரு படியின் விளிம்பில் இருந்தால் மட்டும் கவனம் வேண்டும். கஜுவுக்கும் பட்டருக்கும் கொடுக்கிற காசோடு ஒப்பிட்டால் மின்சாரச் செலவு சிறிதுதான்.

ஓவன் இல்லாத வீடு கலவையைத் தட்டில் ஊற்றி அயலிலுள்ள பேக்கரியில் சுடக் கொடுப்பது பழைய வழக்கம். கொழும்பில் விறகுப் போறணைகள் அருகிவிட்டன, இருக்கிற இடத்தில் அதைவிட நல்ல ஏற்பாடு இல்லை. பாணை எடுத்த பிறகு போறணையின் சூடு மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே வரும், ரிச் கேக் கேட்பதும் அந்தச் சூட்டைத்தான். டிசம்பர் கடைசி வாரத்தில் போய் நின்றால் பேக்கரிக்காரருக்கு உங்களைக் கவனிக்க நேரம் இருக்காது. முதலிரண்டு வாரத்துக்குள் போய், எந்த நேரம் சூடு தணியும் என்று கேட்டு, அந்த நேரத்துக்குத் தட்டைக் கொண்டுபோங்கள். தட்டின் ஓரத்தில் பெயர் கீறிய தகரத்துண்டைக் கம்பியால் கட்டுங்கள். ஒட்டிய தாள் கழன்றுவிடும். கலவை வீட்டினுடையது, கைகள் வீட்டினுடையவை, சூடு மட்டும் வெளியார் தந்தது. இதைக் கடைக் கேக் என்று யாரும் சொல்ல முடியாது.

முழுக் கேக்கையும் ஆர்டர் கொடுப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பிள்ளை பெற்ற வீடு, நோயாளி இருக்கிற வீடு, துக்க வீடு ஆகியவற்றுக்கு அதுதான் சரி. வீட்டிலிருந்தே கேக் செய்து விற்கிற பெண்கள் நகரெங்கும் இருக்கிறார்கள், அவர்களுக்கு டிசம்பர்தான் அறுவடை மாதம். ஆனால் கேட்டு வாங்க வேண்டும். ரவையா, கோதுமை மாவா? ஒரு கிலோவில் பழமும் கஜுவும் எவ்வளவு? சொல்கிற எடை ஐசிங்கோடா, இல்லாமலா? ஐசிங்குக்குக் கீழே பூசுவது கஜு அரைத்த களியா, வெறும் ஐசிங் சீனியா? மலிவாக விற்கிற சில ரிச் கேக்குகள், எரித்த சீனியில் நிறமேற்றிச் சில பிளம்ஸ் தூவிய சாதாரண மாக் கேக்தான். ஒரு துண்டை வெட்டிக் காட்டச் சொன்னால் முகத்திலேயே தெரிந்துவிடும். முட்டை விலையையும் நினைவில் வையுங்கள். 2023இல் இந்தியாவிலிருந்து முட்டை இறக்குமதி செய்ய வேண்டி வந்த நாடு இது. வழக்கத்துக்கு மாறான மலிவு விலையில் 12 மஞ்சள் கரு போட்ட கேக் கிடைக்காது.

வாசலில் தொங்குவது

அலங்காரத்தில் என் வாக்கு நட்சத்திரக் கூட்டுக்கு. புறக்கோட்டை பேங்க்சால் வீதிப் பக்கம் போனால் பிளாஸ்டிக் நட்சத்திரங்கள் வேண்டிய நிறத்தில் கிடைக்கின்றன. மழையில் நனையாது, அடுத்த ஆண்டும் உதவும். அந்த வசதியைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் கூடு கட்டுகிற கலை இந்த நகரத்துப் பிள்ளைகளின் கையிலேயே இருக்கிறது. மே மாதத்தில் வெசாக் கூடு கட்டுகிற அயல் வீட்டுப் பையனைக் கூப்பிட்டால் அவனே நமக்குச் சொல்லித் தருவான்.

மூங்கிலைச் சீவிய பத்துச் சமமான சிலாகைகள் வேண்டும். ஐந்தை ஒன்றன்மேல் ஒன்றாகக் குறுக்கே வைத்து, முனைகளை நூலால் கட்டினால் ஓர் ஐந்துமுனை நட்சத்திரம். அதேபோல் இன்னொன்று. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஐந்து முனைகளையும் சேர்த்துக் கட்டுங்கள். பிறகு நடுவில் சிலாகைகள் வெட்டிக்கொள்கிற ஐந்து இடங்களிலும் விரல் நீளக் குச்சி ஒவ்வொன்றை இரண்டுக்கும் இடையே முட்டுக் கொடுங்கள். ஐந்தாவது குச்சி உள்ளே போகிற கணத்தில் தட்டையாகக் கிடந்த சட்டகம் வயிறு உப்பி எழும். பிள்ளைகள் ஆரவாரம் செய்கிற இடம் அது. டிசம்பரில் மூங்கில் கிடைக்கவில்லை என்றால் விளக்குமாற்று ஈர்க்கில் சிறிய நட்சத்திரங்கள் கட்டலாம்.

பசைக்குக் கோதுமை மாவைக் காய்ச்சினால் போதும். பூச்சி அரிக்காமலிருக்கத் துருசு போடுகிற வழக்கம் உண்டு. அது நஞ்சு, பிள்ளைகள் தொடுகிற பசையில் வேண்டாம். தாளைப் பொறுத்தவரை, இங்கே டிசம்பர் மாலைகளில் மழையை எதிர்பார்த்துத்தான் இருக்க வேண்டும். நனைந்த டிஷ்யூ தாள் கிழிவதோடு நிற்காமல் சுவரிலும் சாயத்தை இறக்கும். திறந்த பல்கனிக்கு மினுக்குத்தாள், வீட்டுக்குள் ஜன்னலோரத்துக்கு டிஷ்யூ தாள். உள்ளே மெழுகுதிரி வைக்க நினைக்கவே வேண்டாம், சூடேறாத சிறிய எல்.ஈ.டி. விளக்குப் போதும்.

பாலன் குடிலில் சுரூபங்களை வாங்குங்கள், மற்றதெல்லாம் வீட்டில். 1223இல் இத்தாலியின் கிரேச்சியோவில் புனித பிரான்சிஸ் அமைத்த குடிலில் வைக்கோலும் உயிருள்ள மாடும் கழுதையும் இருந்தன. நமக்கு ஒரு மேசையின் மூலை போதும். கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயச் சுற்றுப்புறக் கடைகளில் சுரூபங்கள் சிறிதும் பெரிதுமாகக் கிடைக்கும். சிமெந்துப் பைத் தாளைக் கசக்கிச் சாம்பல் நிறம் பூசினால் குகைப் பாறை வந்துவிடும். எருமைத் தயிர் வாங்கிய மண்சட்டிகளை எறியாமல் வைத்திருந்து, டிசம்பர் 13, 14 அளவில் ஈர மண்ணில் கடுகும் குரக்கனும் விதைத்தால் 24ஆம் திகதி இரவு பாலனைக் கிடத்துகிற நேரத்தில் குடிலைச் சுற்றிப் பசும்புல் நிற்கும். தண்ணீர் தெளிப்பது வீட்டின் மிகச் சிறிய பிள்ளையின் பொறுப்பாக இருக்கட்டும். வெற்றி தோல்வியை அந்தப் பிள்ளை ஒவ்வொரு காலையும் தானே போய்ப் பார்த்துக்கொள்ளும்.

மரத்தைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. மலைநாட்டுச் சைப்ரஸ் கிளையின் வாசனை அருமை, கொழும்பு வெக்கையில் விரைவில் உதிர்ந்துவிடும். செயற்கை மரத்தை ஒரு தடவை வாங்கிப் பல ஆண்டு வைத்துக்கொள்ளலாம்.

நாள் கணக்கு

பிராந்தியில் பழம் ஊற மூன்று வாரம் கொடுப்பது சிறப்பு, ஒரு வாரம் கொடுத்தாலும் பழுதில்லை. ஆகவே நவம்பர் கடைசி ஞாயிற்றில் வெட்டி, டிசம்பர் நடுவில் சுட்டு, ஒரு வாரம் சுவை இறங்க விட்டு, 22, 23இல் வெட்டிச் சுற்றுவது என் பரிந்துரை. நட்சத்திரக் கூட்டை இடையில் வருகிற ஒரு சனிக்கிழமைக்கு வையுங்கள். இரண்டையும் ஒரே நாளில் வைத்தால் கேக்கில் பசையும் கூட்டில் சீனியும் ஒட்டும்.

டிசம்பர் 20 கடந்தும் எதுவும் தொடங்கவில்லை என்றால் ரவையும் கஜுவும் வாங்காதீர்கள். கேக்கைச் சொல்லி எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கிலோ கோதுமை மாவும் இரண்டு தேங்காயும் வாங்கி, வீட்டில் இருக்கிற முள்ளுக்கரண்டிகளை எல்லாம் மேசையில் வைத்து, அடுத்த வீட்டுப் பிள்ளைகளையும் கூப்பிடுங்கள். ஒரே மாலையில் நான்கு வீட்டுக்குச் சிப்பி தேறும்.